பாண் வைத்த வரெனிக்கி

ஒருநாள் பக்கத்து வீட்டு அண்ணை செய்து தந்த வரெனிக்கிக்கு மேலே நான் ஒரு துண்டு பட்டரை வைத்து உருக விட்டேன். அதைக் கண்ட அண்ணை கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். "தங்கச்சி, உங்களுக்குப் பிடிக்காட்டிச் சாப்பிடாதேங்கோ. ஆனா மாத்தாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் கணவரோடு மட்டும்தான் கதைத்தார். எனக்கும் ரோசம் வந்துவிட்டது. ஒரு துண்டு பட்டருக்கு இவ்வளவு எடுப்பா என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்.

நாங்கள் மோர்டனுக்கு மாறி வருவதற்கு முன் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். அவர் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பெற்றோல் ஸ்ரேஷன் ஒன்றில் சுப்பர்வைசராக இருந்தார். பனி கொட்டினாலும் அரைக்கைச் சட்டைதான். பட்டப்பெயர் வைக்க எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஒரு காலம் உக்ரேனில் அகப்பட்டுக் கிடந்தவர் என்றபடியால் அந்த வட்டாரம் முழுக்க அவர் 'உக்ரேன் அண்ணை'. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

வரெனிக்கி என்பது உக்ரேன்காரரின் வீட்டுச் சாப்பாடு. மாவைக் குழைத்து, மெல்லிசாக உருட்டி, வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் உருளைக்கிழங்கு மசியலை வைத்து, இரண்டாக மடித்து ஓரத்தை அமத்தி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவிப்பது. பார்வைக்கு எங்கள் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அண்ணையின் சட்டதிட்டங்கள் தெரியாதபடியால் கேட்கிறீர்கள்.

மா, வெள்ளை மாவாக இருக்கக் கூடாது. தவிடு கலந்த கறுத்த, சொரசொரப்பான மாதான் வேண்டும். அதைத் தேடி எங்கெங்கோ உள்ள கடைக்கெல்லாம் பஸ் ஏறிப் போவார். மா குழைப்பது பச்சைத் தண்ணீரில் இல்லை, கிழங்கு அவித்த தண்ணீரில். உருட்ட உருட்டுக்கட்டை கூடாது, வெறும் போத்தல்தான். சனிக்கிழமைகளில் அந்தப் போத்தல் மேசையில் உருளும் சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் குசினிக்குக் கேட்கும். வட்டம் வெட்டத் தேத்தண்ணிக் கிளாஸின் விளிம்பு. வெங்காயம் வதக்க எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டாவது சொட்டு விழுந்தால் பாவம். பட்டர் இல்லை, கிரீம் இல்லை, பாற்கட்டி இல்லை, மிளகாய்த்தூளின் பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே வைக்கிற கிழங்கோடு காய்ந்த பாணை, அதுதான் பிரெட்டை, நனைத்துப் பிழிந்து, அரைக்கரைவாசி சேர்த்துப் பிசைய வேண்டும்.

"கிழங்குக்குள்ள பாணோ அண்ணை?" என்று முதல்நாளே கேட்டேன்.

"பாண் போடாட்டி அது வரெனிக்கி இல்லைத் தங்கச்சி. அவ அப்பிடித்தான் செய்தவ."

'அவ அப்பிடித்தான் செய்தவ.' அவ என்றால் உக்ரேனில் அவருக்குச் சமைத்துப் போட்ட மனுசி. எந்தக் கேள்விக்கும் இதுதான் பதில். இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ருசியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஈரச் சாக்கைச் சப்புவது போல இருக்கும். என் கணவர் அவர் முகத்துக்கு நேரேயே சொல்வார்: "அண்ணை, உதைச் சாப்பிட்டாக் குளிர் தாங்கும், வயிறுதான் தாங்காது." அண்ணை சிரித்துக்கொண்டே அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு வைப்பார். என் மகளின் பிறந்தநாளுக்குக் கொத்துரொட்டியும் ரோல்ஸும் மேசை நிறைய இருக்க, நடுவில் ஒரு பெரிய தட்டில் இது கிடக்கும். பிள்ளைகள் கிட்டவும் போகமாட்டார்கள். விருந்து முடிந்ததும் அண்ணை அந்தத் தட்டோடு தனியே இருந்து சாப்பிடுவார், ஒரு மனத்தாங்கலும் இல்லாமல்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொல்லாத வாய், பூப்போல மனம். "இஞ்சாருங்கோ, இந்த முறை கொஞ்சம் கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டுவமே?" என்று வேண்டுமென்றே கேட்பார். அண்ணை திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அக்கா எனக்குக் கண்ணடிப்பார்.

வரெனிக்கியில் மட்டும்தான் இந்தப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். அவருடைய குணமே அதுதான். ஒருவர் தனக்குச் செய்ததை அவர் செய்தபடியே வைத்திருக்க வேண்டும். லண்டனில் அவருக்கு முதல் வேலை கொடுத்தவர் ரூட்டிங்கில் கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக் கிழவர். கடை கைமாறி, கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போய், நினைவும் தப்பிவிட்டது. அண்ணை கிழமைக்கொருக்கால் அதே பிஸ்கட் பெட்டியோடு போவார். கிழவர் இவரை வேறு யாரோ என்று நினைத்து வேறு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். அண்ணை அந்தப் பெயருக்கே "ஓம் ஐயா" சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டு வருவார். "ஏன் அண்ணை, நான்தான் இன்னார் எண்டு சொன்னா என்ன?" என்று கேட்டேன். "அந்த ஆள் வந்திருக்கிறானெண்டு அவருக்குச் சந்தோசம். அதை ஏன் கெடுப்பான்?" என்றார்.

என் கணவர் சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல்நாள் பின்னேரம் அண்ணை இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார். பசியில் கிடந்த மனிதர் "நல்லாயிருக்கு அண்ணை" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியால் வரும்வரை ஒவ்வொரு பின்னேரமும் இடியப்பமும் சொதியும். ஷிப்ட் மாற்றி, இரண்டு பஸ் ஏறி, போத்தலில் சொதி ஆறாமல் துணி சுற்றிக் கொண்டு வருகிறவரிடம் போதும் என்று எப்படிச் சொல்வது? இவர் இப்போதும் சொதியைக் கண்டால் ஒருமாதிரிப் பார்ப்பார். ஆனால் அண்ணையைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் முதலில் சண்டைக்குப் போவதும் இவர்தான்.

உக்ரேன் கதையை அவர் ஒரேயடியாக இருத்தி வைத்துச் சொன்னதில்லை. மா குழைக்கும்போது கொஞ்சம், வேலிக்கு மேலால் கொஞ்சம். தொண்ணூறுகளின் கடைசியில் லண்டனுக்கு என்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் மொஸ்கோவால் கொண்டுவந்து, கீவுக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில் வேறு சில பொடியன்களோடு இறக்கிவிட்டான். இரண்டு கிழமையில் எல்லை கடத்துவதாகச் சொன்னவன் அதோடு தலைமறைவு. பொடியன்கள் அங்கே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். ஜன்னலுக்குக் கிட்டப் போகவும் பயம். அந்த வீட்டுக்காரி, பள்ளிக்கூடம் போகிற ஒரு சின்னப் பெண்பிள்ளையோடு தனியே இருந்தவர், இவர்களை வெளியே தள்ளியிருக்கலாம். பொலிசுக்குச் சொல்லியிருக்கலாம். அவர் வரெனிக்கி செய்து போட்டார்.

"நான்தான் கிழங்கு உரிக்கிற ஆள்" என்பார் அண்ணை. "அவவின்ரை கையைப் பாத்துப் பாத்துப் பழகினன். நாங்கள் வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தா, இதுதான் எங்கட நாட்டுச் சாப்பாடு, நல்லாச் சாப்பிடுங்கோ எண்டு தலையில தட்டுவா." அப்படிச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். உடனே எங்கள் பக்கம் திரும்பி, "ஓரத்தை வடிவா அமத்துங்கோ, தண்ணி உள்ள போயிடும்" என்று அதட்டுவார்.

உக்ரேனில் போர் தொடங்கிய அந்த மாசியில் அண்ணை வீட்டு ரிவி ஓயவே இல்லை. பழைய தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. அந்த அடுக்குமாடியில் கூட இருந்த ஒருவர் இப்போது பாரிசில். அவர்தான் முகநூலில் துழாவி அந்தச் சின்னப் பெண்பிள்ளையைக் கண்டுபிடித்தார். அவள் இப்போது முப்பது தாண்டிய பெண். தாயும் மகளும் ஒரு நிலவறையில் ஒளிந்திருந்துவிட்டுப் போலந்துக்கு வந்திருந்தார்கள். இருவரையும் தன் வீட்டுக்கே கூப்பிடுவதென்று அண்ணை அன்றே முடிவு எடுத்துவிட்டார். அகதிகளை வைத்திருக்க வீடு தோதா என்று கவுன்சில் ஆள் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார். முன்னறைச் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு இடம்பெயர்ந்தன.

அக்கா ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார். "நானும் அகதியா வந்து இறங்கினவள்தான். வரட்டும், எவ்வளவு காலமும் இருக்கட்டும். ஆனா உங்கட பாண் கொழுக்கட்டையை முதல்நாளே குடுத்து மனிசியை வெருட்டிப் போடாதேங்கோ."

அந்த அம்மா உயரமானவர், மெலிந்தவர், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். விமான நிலையத்தில் அண்ணையை அடையாளம் தெரியவில்லையாம். பிறகு வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொன்னாராம். "அப்ப எலும்பு, இப்ப வண்டி வயிறு எண்டு சொல்லுறா" என்று அண்ணை தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்த ஒரு கிழமை அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. அவர்கள் இருந்த அடுக்குமாடி விழுந்துவிட்டது. யாரோ எடுத்த படத்தை மகள் போனில் காட்டினாள். நடுவில் ஒரு பெரிய வெளி. அந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அழவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

பிடிவாதமாக இல்லை. கோப்பையை வைத்தால் நன்றி சொல்வார். கரண்டியால் இரண்டு தரம் கிளறுவார். கொஞ்ச நேரத்தில் கோப்பை அப்படியே திரும்பி வரும். அக்கா சூப் வைத்துப் பார்த்தார், கஞ்சி காய்ச்சிப் பார்த்தார். நான் மீன் பொரித்துக் கொண்டுபோனேன். மகள் கடையில் வாங்கி வந்த எதுவும் எடுபடவில்லை. வெறுந் தேத்தண்ணியில் ஆள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் படியில் தலைசுற்றி இருந்துவிட்டார். டொக்டர், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டி வரும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டேன். "அண்ணை, ஊருக்கெல்லாம் செய்து குடுத்தீங்கள். அவவுக்கு ஏன் இன்னும் வரெனிக்கி செய்யேல்லை?"

அவர் கொஞ்ச நேரம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். "பயமாக் கிடக்கு தங்கச்சி."

"என்ன பயம்?"

"அதையும் வேண்டாமெண்டு தள்ளினா, பிறகு அவவுக்குக் குடுக்க என்னட்டை வேறை ஒண்டும் இல்லை."

பட்டர் சண்டைக்கு அன்றைக்குத்தான் நான் அவரை மனதார மன்னித்தேன்.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், ஓரம் அமத்த. நான் போனபோது கிழங்கு அவிந்து, அந்தத் தண்ணீர் இளஞ்சூட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணை மாவைக் குழைத்த விதத்தைப் பார்த்தால் சோதனைக்கு வந்த பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். குழைத்ததை ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு, பொறுக்க முடியாமல் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். போத்தலால் உருட்டினார், கிளாஸால் வெட்டினார். நான் கிழங்கும் பாணும் வைத்து மடித்தேன். ஒவ்வொன்றையும் அவர் வாங்கி ஓரத்தை இன்னொரு தரம் அமத்தினார். அக்கா வழக்கம் போலப் பகிடி விடவில்லை. சட்டியில் வரெனிக்கி ஒவ்வொன்றாக மேலே மிதந்து வர, அண்ணை ஓட்டைக் கரண்டியால் அள்ளி, வதக்கிய வெங்காயத்தைப் போட்டுக் கோப்பையை எடுத்துப் போய் அந்த அம்மாவின் முன்னால் வைத்தார். அவர் முள்ளுக்கரண்டியை எடுத்தபோது நாங்கள் மூன்று பேரும் கதவு நிலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். மகள் தாய்க்குப் பக்கத்துக் கதிரையில்.

அந்த அம்மா ஒன்றைப் பிளந்து உள்ளே பார்த்தார். கரண்டியால் கிண்டினார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

வழக்கமாக எங்களுக்கு எல்லாவற்றையும் உடனுக்குடன் தமிழில் சொல்கிறவர் அண்ணை. அன்றைக்கு மகள்தான் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "இதற்குள் யார் பாணை வைத்தது என்று அம்மா கேட்கிறார்."

அண்ணை அவர்களுடைய மொழியில் ஒரு சொல் சொன்னார். 'நீங்கள்' என்பதாக இருக்க வேண்டும்.

அந்த அம்மா முகத்தை இரண்டு கையாலும் மூடினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அக்கா கிட்ட ஓடினார். கையை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பு. சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பிறகு நிறையக் கதைத்தார். அண்ணை ஒன்றையும் எங்களுக்குச் சொல்லாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள்தான் துண்டு துண்டாகச் சொன்னாள்.

உக்ரேனில் எவரும் வரெனிக்கிக்குள் பாண் வைப்பதில்லையாம். வெள்ளை மாவில் செய்து, பட்டர் வழிய வழிய, புளித்த கிரீமோடு சாப்பிடுகிற சாப்பாடாம் அது. அந்த வருடம் அம்மாவுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. வீட்டில் இத்தனை வாய். கிழங்கு காணாதபடியால் பாணை நனைத்துச் சேர்த்தார். நல்ல மா வாங்க ஏலாதபடியால் கறுத்த மா. கிழங்குத் தண்ணீரில்கூட ஒரு சத்து இருக்கும் என்று அதையும் வெளியே ஊற்றாமல் மாவில் சேர்த்தார். பொடியன்கள் சாப்பிட வெட்கப்பட்டார்கள். அதனால், எங்கள் நாட்டில் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் பிழையாவோ செய்தனான்?" என்று அண்ணை யாரையும் பாராமல் தமிழில் கேட்டார்.

அக்காவால் வாயை அடக்க முடியவில்லை. "பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டை வந்து நிண்டிருந்தா, சீனி போடாத தேத்தண்ணிதான் தமிழற்றை தேத்தண்ணி எண்டு லண்டன் முழுக்கச் சொல்லித் திரிஞ்சிருப்பீங்கள்." சொல்லிவிட்டு அக்காவே மூக்கை உறிஞ்சினார். சாமான் இல்லாத காலத்தில் சமைத்த கை அது, அவருக்குத் தெரியாதா?

அந்த அம்மா இன்னும் ஏதோ சொன்னார், இந்த முறை மெதுவாக, கோப்பையைப் பார்த்துக்கொண்டு. மகள் உடனே ஆங்கிலத்தில் சொல்லவில்லை. தாயிடம் திருப்பி ஏதோ கேட்டாள். தாய் தலையாட்டினார்.

"இது எப்படி ருசிக்கும் என்று தனக்குத் தெரியாதாம்" என்றாள் மகள். "தான் ஒருநாளும் சாப்பிடவில்லையாம். காணாது என்றபடியால், வேலை செய்கிற இடத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று அவர்களிடம் சொல்வாராம். என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்."

நான் அண்ணையின் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. அந்த வீட்டில் கிழங்கு உரித்தவர், கையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர், இதை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

அந்த அம்மா முள்ளுக்கரண்டியைத் திரும்ப எடுத்தார். பிளந்து கிடந்த அந்த ஒன்றின் பாதியை வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றார். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் நொந்தது. விழுங்கிவிட்டு, அண்ணையைப் பார்த்துச் சின்னதாக ஒரு வசனம் சொன்னார்.

"உப்புக் காணாதாம்" என்றார் அண்ணை. இந்த முறை தமிழில் அவரே சொல்லிவிட்டார்.

மற்றப் பாதியும் போனது. பிறகு இன்னொன்று. அந்த மனுசி உப்பைக் கேட்டு வாங்கித் தூவினார், வெங்காயத்தை வழித்துச் சேர்த்தார். நாட்கணக்காக வெறுந் தேத்தண்ணியில் கிடந்த உடம்பு இப்போதுதான் பசியைக் கண்டுபிடித்தது போல, நிதானமாக, நிறுத்தாமல் சாப்பிட்டார். அந்தச் சாக்கு ருசிக்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்வேன் என்று யார் நினைத்தது? கோப்பை பாதி வற்றிய பிறகுதான் அவர் தலை நிமிர்ந்து, அண்ணை இன்னும் நின்றுகொண்டிருப்பதைக் கண்டார். கையைக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணை தலையை ஆட்டி மறுத்து, அந்த மொழியிலேயே என்னவோ சொன்னார்.

"தான் முதலே சாப்பிட்டுவிட்டாராம்" என்று மகள் எங்களுக்குச் சொன்னாள்.

விடிந்ததிலிருந்து அவர் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். நாங்கள் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பொய்யை, உலகத்தில் யாரிடம் சொன்னாலும், அந்த மனுசியிடமா சொல்வது? அவர் எழும்பாமலே காலால் பக்கத்துக் கதிரையை இழுத்து வெளியே தள்ளினார். கோப்பையில் மிச்சம் இருந்ததை இரண்டு பங்காகப் பிரித்தார். அண்ணை போய் அதில் இருந்தார்.